இரவுக் கடமை முடிந்தும் புத்தகம் திறப்பவர்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கருத்தமர்வில் ஆற்றிய உரை)



இந்த நூறு ஆண்டுகளில் எங்கள் கல்லூரி யார் யாரை உருவாக்கியது என்று கேட்டால், வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி, ஆசிரியர் என்று ஒரு பட்டியல் உடனே வாயில் வந்துவிடும். எங்களுடன் ஒரே வாங்கில் இருந்து படித்துத் தாதியராகப் போனவர்களின் பெயர்கள் பரிசளிப்பு மேடைகளில் அவ்வளவாகக் கேட்பதில்லை. இன்று அவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். ஒரு கேள்வியோடு தொடங்குவோம். அரச உத்தியோகம் கையில் இருக்கிறது, ஓய்வூதியம் உண்டு, பிள்ளைகள் வளர்கிறார்கள். அப்படியிருந்தும் நாற்பது வயதில் ஒரு தாதி ஏன் திரும்பவும் படிக்கப் போகிறார்?

எங்கள் பிரதேசத்துக்கு மருத்துவக் கல்வி நேற்று வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் இணுவிலில் பெண்களுக்கென எழுந்த மக்லியோட் வைத்தியசாலையில் எங்கள் பெண்பிள்ளைகள் தாதியம் பயின்றார்கள். பின்னர் அரச தாதியர் பயிற்சிக் கல்லூரிகளும் மூன்று ஆண்டு டிப்ளோமாவும் வந்தன. 1994இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு, வேலையில் இருக்கும் தாதியருக்கான பட்டப்படிப்பை ஆரம்பித்தது. அதன் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கிழக்குப் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில், உயர்தரம் முடித்த பிள்ளைகள் நேரடியாகவே தாதியப் பட்டம் படிக்கும் வழி பிறந்தது.

இதனால் விடுதிகளில் ஒரு புதிய நிலைமை உண்டாயிற்று. பட்டத்தோடு வரும் தங்கைக்கு ஊசி போடவும் காயம் கட்டவும் பழக்குபவர், டிப்ளோமாவோடு வந்து இருபது வருடம் வேலை செய்த அக்கா. அவரிடம் அனுபவம் நிறைய இருக்கிறது. ஆனால் தங்கை ஏதாவது ஓர் ஆய்வைப் பற்றிப் பேசும்போது அக்கா மௌனமாகிவிடுகிறார். அந்த மௌனம் பலரைப் படிப்புக்கு அனுப்பியிருக்கிறது.

வளர்ந்தவர்கள் ஏன் படிக்கிறார்கள் என்பதைச் சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சிரில் ஹூல் 1961இல் ஒரு சிறு நூலில் ஆராய்ந்தார். அவர் நேர்கண்டவர்கள் 22 பேர் மட்டுமே. அவர்களை மூன்று வகையினராகக் கண்டார். ஒரு குறிக்கோளை அடையப் படிப்பவர்கள் ஒரு வகை. கூடிப் பழகவும் வாழ்க்கையில் ஒரு மாறுதல் தேடியும் படிப்பவர்கள் இன்னொரு வகை. அறிவதற்காகவே படிப்பவர்கள் மூன்றாவது வகை. எங்கள் தாதியரிடம் இந்த மூன்றும் கலந்தே இருக்கின்றன. பதவியுயர்வும் வெளிநாட்டு வாய்ப்பும் குறிக்கோள். சனி, ஞாயிறு வகுப்பில் கிடைக்கும் தோழமை, வீட்டு அடுப்படியிலிருந்தும் விடுதியிலிருந்தும் சற்று விலகி மூச்சுவிடும் இடம். அறிவுப் பசியோ சிலருக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தொடர்வது. உயர்தரத்தில் சில புள்ளிகளால் பல்கலைக்கழகம் தவறியவர்கள் எங்கள் வகுப்புகளில் எத்தனை பேர்! அந்தப் பசி வேலை கிடைத்ததும் அடங்கிவிடுவதில்லை.

இந்த மூன்றுக்கும் அப்பால் நாலாவது காரணம் ஒன்றை விடுதிகளில் காண்கிறோம். டெங்கு நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் இறங்கிவிட்டது, வீட்டாருக்குச் சந்தோசம். இரவு இரண்டு மணிக்குக் குருதியமுக்கம் 100க்கு 80. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 20ஆகச் சுருங்கியிருப்பது அபாய அறிகுறி. குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிகிறது. இந்தக் கட்டம் பொதுவாக 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். அப்போது சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. எண்ணைக் குறித்துவைக்க யாராலும் முடியும். அந்த எண் என்ன சொல்கிறது என்று விளங்கியவர்தான் உடனே வைத்தியரை எழுப்புவார். அப்படி எழுப்பப்பட்ட இரவுகளில் காப்பாற்றப்பட்ட உயிர்களை வைத்தியர்களாகிய நாம் அறிவோம்.

தன் கண்முன் நடப்பது ஏன் நடக்கிறது என்று தெரியாமல் நிற்பது தாதிக்குப் பெரும் வேதனை. "மிஸி, பிள்ளைக்கு என்ன செய்யுது?" என்று தாய் கேட்கிறாள். "டொக்டர் வந்து சொல்லுவார்" என்று எத்தனை வருடம் பதில் சொல்வது? தானே விளங்கிச் சொல்லவேண்டும் என்ற அந்த ஆசைதான், சம்பளம் கூடாவிட்டாலும் பலரைப் படிக்கவைக்கிறது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல. லிண்டா ஐக்கனும் உடனாய்வாளர்களும் 2014இல் லான்செற் மருத்துவ சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 வைத்தியசாலைகள். சத்திரசிகிச்சை பெற்ற நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளர். பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 வீதம் கூடுதலாக இருந்த இடங்களில், அனுமதிக்கப்பட்டு 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 வீதம் குறைவாகக் காணப்பட்டது. ஒரு தாதி பார்க்கவேண்டிய நோயாளர் தொகை ஒருவரால் கூடிய இடங்களில் அந்த வாய்ப்பு 7 வீதம் கூடியிருந்தது. ஆகவே படிப்பும் வேண்டும், போதிய ஆளணியும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க முடியாது.

இனி, தடைகளைப் பார்ப்போம். காலை ஏழிலிருந்து ஒரு மணி, ஒரு மணியிலிருந்து மாலை ஏழு, பின்னர் விடியும்வரை இரவுக் கடமை என்று மாறிமாறி வரும் முறையில் வகுப்புக்கு நேரம் பிடிப்பதே ஒரு போராட்டம். யாராவது கடமையை மாற்றித் தந்தால்தான் பரீட்சைக்குப் போகலாம். வீட்டில் சமையலும் பிள்ளைகளின் ரியூசனும் முதியவர்களும் காத்திருக்கிறார்கள். ஆங்கிலம் இன்னொரு மலை. தமிழில் உயர்தரம் படித்தவர் ஒரு பாடப் பகுதியை வாசிக்க, அகராதியோடு இரண்டு இரவு போய்விடுகிறது. எல்லாவற்றிலும் கடினமானது, படித்து முடித்துத் திரும்பியபின் எவரும் எதுவும் கேட்காமல் விடுவது. புதிதாகக் கற்றதைச் செய்துபார்க்க இடமில்லாவிட்டால் படிப்பு சான்றிதழாகச் சுவரில் தொங்கும். இதில் வைத்தியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. காலைச் சுற்றின்போது "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று தாதியிடம் கேட்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

படித்தவர்கள் வெளிநாடு போய்விடுவார்களே என்று சிலர் குறைப்படுகிறார்கள். உண்மைதான். 2022 நெருக்கடிக்குப் பிறகு பலர் போனார்கள். மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற குடும்பத்தைத் தாங்கப் போனவரைக் குற்றஞ்சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இந்த மண்டபத்தில் இருப்பவர்களிலும் அரைவாசிப் பேர் ஏதோ ஒரு காரணத்துக்காகப் போனவர்கள்தானே. ஆனால் படிப்பு மட்டும் ஒருவரை அனுப்புவதில்லை. படித்ததற்கு இங்கே மதிப்பிருந்தால் தங்குபவர் தொகை கூடும் என்பது எங்கள் நம்பிக்கை.

பிரித்தானியாவில் தாதியாக இருக்கும் தோழியருக்குத் தெரியும்: அங்கே மூன்று ஆண்டுகளுக்கு 35 மணித்தியாலத் தொடர்கல்வி காட்டினால்தான் பதிவைப் புதுப்பிக்கலாம். அவுஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 20 மணித்தியாலம். அங்கே அது சட்டம். மணித்தியாலத்தை நிரப்புவதற்காக மட்டும் இருந்து கேட்பவர்களும் அங்கே உண்டு என்பதை நீங்களே சொல்வீர்கள். சட்டம் ஆளை வகுப்பறைக்குக் கொண்டுவரும். படிக்கும் விருப்பத்தை அவர்தான் கொண்டுவரவேண்டும். இங்குள்ள எங்கள் தாதியரிடம் அந்த விருப்பம் நிறைய இருக்கிறது. குறைவாக இருப்பது உதவி.

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கு வேலைசெய்யும் தாதியரின் பாடநெறிக் கட்டணத்துக்கு ஒதுக்கப்படட்டும். எங்கள் புலமைப்பரிசில்கள் எல்லாம் பதினெட்டு வயதோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவது, வெளிநாட்டிலுள்ள அக்காமார் வாரத்தில் ஒரு மணித்தியாலம் சூம் வழியாக அவர்களோடு ஆங்கிலப் பாடத்தை வாசிக்கலாம். உங்கள் மாலை அவர்களின் இரவுக் கடமையோடு முட்டாமல் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, பரீட்சைக் காலத்தில் சனிக்கிழமைகளில் கல்லூரி நூலகத்தை அவர்களுக்குத் திறந்துவிடுங்கள். வீட்டில் கிடைக்காத அமைதி அங்கே கிடைக்கும். பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் முன்வந்தால் போதும்.

இதற்குப் பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். ஒரு திறப்பும் கொஞ்சம் பணமும் சில மணித்தியாலங்களும் போதும். இன்று கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு கொப்பி வைக்கப்பட்டிருக்கும். எதில் உதவ முடியும் என்று அதில் உங்கள் பெயரோடு எழுதிவிட்டுச் செல்லுங்கள்.