மாத்திரையை நிறுத்துமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள்
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



உங்கள் ஜெபங்களுக்காகவும் காணிக்கைகளுக்காகவும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். நீங்கள் தாங்கிவரும் மருந்துகளில் மனச்சோர்வுக்கான மாத்திரைகளும் உண்டு. அவற்றைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

வார்டுகளில் நாங்கள் அடிக்கடி கேட்பது இது: "ஐயா, மாத்திரை போட்டதும் வயிற்றைப் புரட்டியது, நிறுத்திவிட்டேன்." சிக்கல் இங்கேதான். பக்கவிளைவு முதல் நாட்களிலேயே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இடைப்பட்ட நாட்களில்தான் பலர் மனம் தளர்ந்துபோகிறார்கள்.

ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ரலின் போன்றவற்றால் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, தூக்கக்கேடு, படபடப்பு வரலாம். பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடும். தாம்பத்திய நாட்டம் குறைவது நீடிக்கலாம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், மருத்துவரால் மருந்தை மாற்றித் தர முடியும். பழைய மருந்தான அமிட்ரிப்டிலின் வாய் உலர்வு, மலச்சிக்கல், எழும்போது தலைசுற்றல் தரும். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வீட்டார் அதைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.

சில அடையாளங்களைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. 25 வயதுக்கு உட்பட்டோரில் சிலருக்கு, மருந்து தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004இல் சிறுவர்களுக்கும், 2007இல் 24 வயது வரையுள்ள இளைஞருக்கும் இந்த எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. முதியோருக்கு இரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து மனக்குழப்பம் உண்டாகலாம். தூக்கமே இல்லாமல் அளவு கடந்த உற்சாகம் வந்தாலும் உடனே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். ஆஸ்பிரின், வலி மாத்திரை சாப்பிடுவோர் அதையும் சொல்ல வேண்டும். இரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடும்.

திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். சுகம் கண்டபின்னும் பொதுவாக ஆறு மாதமாவது தொடர்ந்து, மருத்துவர் சொல்லியபடி படிப்படியாகக் குறைப்பதே நல்லது.

"விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று சபையில் யாரேனும் கேட்டால், சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிய எலியாவை நினைவுபடுத்துங்கள். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டு, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். சரீரத்தின் தேவையை அவர் அற்பமாக எண்ணவில்லை.

ஆகையால் ஒரு விண்ணப்பம். உங்கள் சபையில் ஒருவர் இம்மருந்தைத் தொடங்கியிருந்தால், முதல் மாதம் வாரம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நிறுத்த நினைத்தால், முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவில் அவசரமானால் அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416 இருக்கிறது.