ஒரு பவுண்டு தானியம்

(ஆம்பூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



1876-இல் வானம் பொய்த்தது. வானம் மட்டுமா பொய்த்தது? இராயபுரத்திலிருந்து நம் வாலாஜாவுக்கு 1856-லேயே இரயில் ஓடிற்று. தண்டவாளம் இருந்தது, தானியம் வந்தது, ஏழையிடம் காசுதான் இல்லை!

1877 சனவரி முதல் நாள், டெல்லியிலே தர்பார். விக்டோரியாவுக்குப் பேரரசிப் பட்டம். அதே மாதம் சென்னைக்கு வந்தார் ரிச்சர்டு டெம்பிள். நிவாரண வேலையில் கல்லுடைப்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார். மாடுகள் மடிந்தன, மாண்ட மாட்டின் தோலுக்குக் கப்பலிலே இடம் கிடைத்தது, மனிதனின் பசிக்குக் கோட்டையிலே இடம் கிடைக்கவில்லை!

அந்தக் கூலி ஆளைத் தேய்த்துக் கொல்லும் என்று வாதாடினார் அரசின் சுகாதார ஆணையர் கார்னிஷ். அந்த ஆண்டே கூலி உயர்ந்தது. 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி, பஞ்சத்தின் கணக்கை 1878-இல் இரு தொகுதிகளாக எழுதி வைத்தார். 1939-இல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில், கபிலி மலைமக்களின் வறுமையை நாளேட்டில் எழுதிய ஆல்பேர் காம்யுவும் கேட்டது அதே கேள்விதான்: கூலி எவ்வளவு? அது எத்தனை வாய்க்கு உணவாகும்?

கண்ணீரைக் காட்டினால் ஆள்வோர் அனுதாபம் தெரிவிப்பர். கணக்கைக் காட்டினால் பதில் சொல்லியாக வேண்டும்!

ஆகவே தோழர்களே, தோல் பதனிடும் அண்ணனிடம், காலணி தைக்கும் தங்கையிடம் செல்லுங்கள். கூலி என்ன, அரிசிக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று எழுதி வாருங்கள். முழக்கம் பிறகு, முதலில் கணக்கு!