சாக்கடைக் குழியில் மரணம்: குடும்பத்தின் கையில் உள்ள சட்டம்

(சட்ட உதவிப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாதாளச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஒரு தொழிலாளி இறந்தவுடன் அவரது குடும்பத்தை முதலில் தேடி வருபவர் யார்? பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் ஆள். உடற்கூராய்வு முடியுமுன்பே பிணவறை வாசலில் சிறு தொகை கைமாறுகிறது. வெற்றுத் தாளில் கைரேகை பெறப்படுகிறது. ‘அவராகவே இறங்கினார்’ என்ற வாசகம் பின்னர் அதில் ஏறுகிறது. அந்தத் தாள் உருவாகுமுன் நமது தோழர் அங்கே இருக்க வேண்டும். இன்று நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, உரிய பாதுகாப்பின்றி எவரையும் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்கிறது. ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ என்பது அதன் வாசகம். மாநகராட்சி ஒப்பந்ததாரரைக் காட்டும். அவர் துணை ஒப்பந்ததாரரைக் காட்டுவார். அவரோ இறந்தவரையே காட்டுவார். ஆகவே வேலையை ஒப்படைத்த அதிகாரி வரை அனைவரையும் புகாரில் குறிப்பிட வேண்டும். காவல்துறை வழக்கமாகக் கவனக்குறைவால் மரணம் என்று, பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவோடு நிறுத்திக்கொள்ளப் பார்க்கும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும், இறந்தவர் பட்டியல் சாதியினராயின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்குமாறு எழுத்து மூலம் கோருங்கள். ஒன்றை மறவாதீர்கள்: 2013ஆம் ஆண்டுச் சட்டப்படியான புகாரை மூன்று மாதங்களுக்குள் அளித்தாக வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் மூன்று மாதம் எப்படிக் கழியும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இழப்பீடு தனி உரிமை. குற்ற வழக்கின் தீர்ப்புக்காக அது காத்திருக்க வேண்டியதில்லை. 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டுமென உச்சநீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பு அதை 30 லட்சமாக உயர்த்தியது. முந்தைய தொகையைப் பெறாத குடும்பங்களுக்கும் இந்த 30 லட்சம் உரியது என்று அதே தீர்ப்பு கூறுகிறது. பழைய மரணம், இனி ஒன்றும் ஆகாது என்று சோர்ந்துவிட்ட வீடுகளுக்கு இச்செய்தி போய்ச் சேரவே இல்லை.

தனியார் குடியிருப்பில் நடந்த மரணத்துக்கு அரசு பொறுப்பாகுமா என்று கேட்பார்கள். 2019 டிசம்பரில் மும்பை கோவண்டியில் ஒரு தனியார் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் மூவர் மாண்டனர். அவர்களின் மனைவியர் மூவரும் மும்பை உயர்நீதிமன்றத்தை நாடினர். அரசே இழப்பீட்டை வழங்க வேண்டும், பொறுப்பானவர்களிடமிருந்து பின்னர் அதை வசூலித்துக்கொள்ளலாம் என 2021 செப்டம்பரில் நீதிமன்றம் கூறியது. கணவரைப் பறிகொடுத்த மூன்று ஏழைப் பெண்கள் இந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் கைவிரித்தால் அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் உயர்நீதிமன்றம் செல்லலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பின்றி, சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் ஒரு சொல் விளையாட்டை ஆடிவருகிறது. கையால் மலம் அள்ளுவதால் எவரும் இறக்கவில்லையாம். ‘அபாயகரமான துப்புரவு’ப் பணியில்தான் இறந்தார்களாம். பெயரை மாற்றினாலும் இழப்பீட்டுக் கடமை மாறாது. உச்சநீதிமன்றத்தின் ஆணை சாக்கடை மரணங்களுக்கென்றே பிறந்தது.

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் 1993க்குப் பின் இவ்வாறு இறந்தவர்களின் பெயர், நாள், இடம், வேலைக்கு அனுப்பியவர், பெற்ற தொகை ஆகியவற்றைத் திரட்டட்டும். முதல் தகவல் அறிக்கை, உடற்கூராய்வு அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல்களையும் சேர்த்து வையுங்கள். ஏற்கெனவே கைரேகை வைத்துவிட்ட குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள். அந்தத் தாளின் நகலையும் கொண்டுவாருங்கள். வழக்கறிஞர் தோழர்கள் அதைப் பார்க்கட்டும்.