வெண்மை நிற்கும் இடம்

முல்லைப் பெரியாற்று அணை 1895ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அதன் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல்லை விளைவிக்கிறது. நடவுக் காலத்தில் அவ்வயல்கள் வானத்தைக் காட்டும் கண்ணாடிகளாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய வயலொன்றில் நாற்று நட்டுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரைப் படமெடுத்தேன். வரப்பில் குந்தி, சூரியனை எதிர்நோக்கி எடுத்த படம் அது. காட்டியபோது உற்றுப் பார்த்த அவர், “தண்ணி நல்லா விழுந்திருக்கு; என் மூஞ்சி எங்கய்யா?” என்றார்.

நிகழ்ந்தது யாது? படத்தில் மிக வெளிச்சமான இடத்தையே கண் முதலில் நாடும். அன்று அவ்விடம் நீராக இருந்தது, முகமாக இல்லை. மேலும், கேமராவிலுள்ள ஒளிமானி எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதும். பளபளக்கும் நீரையும் வானையும் கண்டு அது ஒளியைக் குறைத்தது; முகம் இருண்டது.

சுருளி அருவியில் இதற்கு நேர்மாறாக நிகழும். கரிய பாறைகள் மிகுந்திருப்பதால் ஒளிமானி ஒளியைக் கூட்டிவிடும். அருவியோ நீரிழைகள் ஏதுமற்ற வெள்ளைத் துணியாக வெளுத்துப்போகும். டிஜிட்டல் கேமராவில் முற்றிலும் வெளுத்த பகுதியைப் பின்னர் எவ்வளவு இருட்டாக்கினும் அங்கே உருவம் தோன்றாது. ஆதலின், அருவியின் வெண்மையை அளவாக வைத்து ஒளியைக் குறைத்தல் வேண்டும்.

மறுநாள் மாலை அம்மூதாட்டியிடம் மீண்டும் சென்றேன். மேற்கு மலையின் நம்மை நோக்கிய சரிவு அப்போது நிழலில் கறுத்திருந்தது. அதனைப் பின்புலமாக்கி, வானமும் நீரும் படத்துள் புகாதவாறு நின்றேன். பக்கவாட்டில் விழுந்த வெளிச்சத்தில் அவருடைய நரைத்த தலை ஒன்றே மிக வெண்மையாய் இருந்தது. அவ்வெண்மைக்கு அளவாக ஒளியை அமைத்தேன். தலையை நாடிய கண், அதன் கீழிருந்த முகத்தில் வந்து தங்கியது. அப்படம் இன்று அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

நீங்களும் பொத்தானை அழுத்துமுன் கண்களைப் பாதி மூடிக் காட்சியைப் பாருங்கள். நுண்விவரங்கள் மறைந்து, வெளிச்சமான இடங்கள் மட்டுமே எஞ்சும். நீங்கள் காட்ட விரும்பும் பொருள் அங்கே இல்லையெனில், ஓரடி நகருங்கள். அல்லது மாலை வரை காத்திருங்கள்.