தவறணை வீடாகும்போது



ஒரு கட்டடம் தன் தொழிலை மாற்றிக்கொள்வது கொட்டாஞ்சேனைவாசிகளுக்குப் புதுமையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பகுதி கொழும்புச் செல்வர்கள் விரும்பி வசித்த இடமாக இருந்தது. 1875ஆம் ஆண்டிலே துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பின்னர் கப்பல்கள் பெருகின, கிட்டங்கிகள் பெருகின, பாரவண்டிகளும் தொழிலாளரும் பெருகினர். செல்வர்கள் அமைதி நாடிக் கறுவாத்தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற பெருமனைகளிற் சில கடைகளாயின. சிலவற்றில் ஓர் அறைக்கு ஒரு குடும்பமாகப் பலர் ஒண்டிக் குடியிருக்கத் தொடங்கினர். ஆகவே வீடு கடையாவது எமக்குப் பழகிய காட்சி. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதற்கு மறுதலையானது. கடை வீடாவது, அதிலும், நாட்டுப்புறத்துக் கள்ளுத் தவறணை ஒன்று குடும்பம் வாழும் வீடாவது.

'தவறணை' என்ற சொல் போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச்சென்ற சொத்துக்களுள் ஒன்று. அவர்களுடைய 'தவெர்னா' எம்மவர் நாவில் தவறணையாயிற்று. தமிழகத்தார் கள்ளுக்கடை என்பர்; இச்சொல் அவர்களுக்கு எளிதில் விளங்காது. தவறு வந்து அணைகின்ற இடமே தவறணை என்று சொல்லைப் பிரித்துப் பொருள் கூறுவாரும் உளர். சொற்பிறப்பு பிழைதான்; நகைச்சுவை பிழையன்று.

சாராயக்கடை நகரத்திலும் சந்தியிலும் இருக்கும். கள்ளுத் தவறணையோ ஊருக்குள், பனங்கூடலின் ஓரத்திலே இருக்கும். அதற்குக் காரணம் கள்ளின் இயல்பு. பாளையிலிருந்து வடியும் சாறு, முட்டியிற் சுண்ணாம்பு தடவாவிட்டால், மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு தடவினால் அது கருப்பநீர், குழந்தைகளும் பருகலாம். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். மறுநாள் அது காடியை நோக்கிப் போகும் புளிப்பு. வடித்தெடுத்த சாராயத்தைப் பீப்பாயில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். கள்ளை அன்று இறக்கி அன்றே விற்கவேண்டும். ஆதலால் மரம் எங்கே நின்றதோ அங்கேயே தவறணையும் நின்றது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையும், கோயிலுக்குப் போகும் கிழவியும் அதனைக் கடந்தே போகவேண்டியிருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் மது அரசாங்கத்தின் பெரும் வருவாயாக இருந்தது. ஒரு பகுதியிற் சாராயம் விற்கும் தனியுரிமையை ஏலத்தில் விட்டு, கூடிய தொகை கேட்டவருக்குக் குத்தகையாகக் கொடுத்தனர். குத்தகைக்காரர் தவறணைகளைப் பிறருக்குக் கீழ்க்குத்தகை விட்டனர். இத்தொழிலிலிருந்து இலங்கையின் பெருஞ்செல்வக் குடும்பங்கள் சில எழுந்தன. சாராயக் குத்தகையும் கோப்பித் தோட்டமும் தந்த செல்வத்திலிருந்துதான் சொய்சா குடும்பத்தார் 1879இல் திறக்கப்பட்ட மகப்பேற்று மருத்துவமனையைக் கொழும்புக்கு அளித்தனர். ஆண்கள் தவறணையிற் கொடுத்த சதங்கள் பெண்களின் பிரசவ விடுதியாகத் திரும்பி வந்தன என்று சொல்லலாம். எல்லாச் சதங்களும் அப்படித் திரும்பி வரவில்லை.

1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. பழைய முறை மாறி, கள்ளுக்கும் சாராயத்துக்கும் வெவ்வேறாக உரிமம் வழங்கும் முறை ஏற்பட்டது. முன்பு தவறணையையே அறியாத கிராமங்களிலும் கள்ளுத் தவறணை திறக்கப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1904இல் அரும்பிய மதுவிலக்கு இயக்கம் 1912இல் மறுபடியும் பேருருக்கொண்டது. எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க சகோதரர்களும், டி. பி. ஜயதிலக்கவும் அதில் முன்னின்றவர்கள். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்து அரசாங்கம் அவர்களைச் சிறையிலடைத்ததற்கு, மதுவிலக்கு இயக்கத்தில் அவர்கள் பெற்ற செல்வாக்கும் ஒரு காரணம் என்பது வரலாற்றாசிரியர் கருத்து. அந்நாளிற் சட்டநிரூபண சபையில் அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். பின்னர் ஊர் மக்களே வாக்களித்துத் தம் பகுதித் தவறணையை மூடலாம் என்ற விதியும் வந்தது. அவ்வாறு வாக்கெடுத்து மூடிய தவறணைகள் தெற்கிலும் வடக்கிலும் பல.

தவறணை வேண்டுமா, வேண்டாமா என்று ஊரைக் கேட்டார்கள். 'வேண்டாம்' என்று ஊர் சொன்னது, கதவு மூடப்பட்டது. மூடிய பின்னர் அந்தக் கட்டடமும், வளவும், அங்கே நாள்தோறும் வந்துபோன மனிதரும் என்ன ஆவார்கள் என்று எவரும் கேட்கவில்லை. வாக்குச்சீட்டில் அதற்கு இடமும் இருக்கவில்லை.

இங்கிலாந்திலே இந்தக் கேள்வி வேறு முறையில் எழுந்திருக்கிறது. அங்கே கிராமத்துக்கு ஒரு தேவாலயம், ஒரு தபாற்கந்தோர், ஒரு 'பப்' என்பது பழைய அமைப்பு. ஐக்கிய இராச்சியம் முழுவதிலும் 2000ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 60,000 ஆக இருந்த அந்த மதுச்சாலைகள் இப்போது 45,000 அளவுக்கு இறங்கிவிட்டன. மூடியவற்றிற் பல வீடுகளாகின்றன. ஏனெனில் அதே கட்டடம் மதுச்சாலையாகப் பெறும் விலையிலும் வீடாகப் பெறும் விலை பெரும்பாலும் அதிகம். ஆயினும் உரிமையாளர் நினைத்த மாத்திரத்தில் அதனை வீடாக்கிவிட முடியாது. உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். மதுச்சாலையாக நடத்த இயலாது என்பதைக் காட்டவேண்டும். விற்பனைக்கு விளம்பரஞ் செய்தும் நடத்த எவரும் முன்வரவில்லை என்று பல இடங்களில் எண்பிக்கவும் வேண்டும். 2011ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, ஊரார் அதனைச் சமுதாயச் சொத்தாகப் பதிவு செய்திருந்தால், அது விற்பனைக்கு வரும்போது பணம் திரட்டித் தாமே கேட்டுப் பார்ப்பதற்கு ஆறு மாத அவகாசம் பெறலாம். கம்பர்லாந்துப் பகுதியில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூரின் மதுச்சாலையை 2003இல் ஊரார் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கி நடத்தத் தொடங்கினர். நாம் வாக்களித்து மூடியதை அவர்கள் பங்கு போட்டுத் திறந்து வைத்திருக்கிறார்கள்! எது சரி என்று நான் இங்கே தீர்ப்புக் கூற வரவில்லை. அவர்களுடைய குளிர்நாட்டுச் சாலையில் குடும்பத்தோடு உணவருந்தலாம். எம்முடைய தவறணைக்குள் ஒரு பெண் தன் கணவனைத் தேடிப் போகவும் கூசினாள். இரண்டையும் ஒரு தராசில் நிறுத்தல் பொருந்தாது.

இனி எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லுகிறேன். போர்க்காலத்தில் வடமராட்சியிலிருந்து இடம்பெயர்ந்து, கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றில் எமக்கு அயலாக வாழ்ந்த குடும்பம் அது. தாய், இரண்டு ஆண்மக்கள். 2009இல் போர் ஓய்ந்த பின்னர் ஊர் திரும்பினர். பழைய வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் எஞ்சவில்லை. பக்கத்துக் குறிச்சியில், இடம்பெயர்வோடு கைவிடப்பட்டுக் கிடந்த தவறணைக் கட்டடம் ஒன்று வளவோடு மலிவாகக் கிடைத்தது. நாலு பரப்புக் காணி, நீளமான ஒரு மண்டபம், பின்புறம் ஒரு சிறு அறை, ஒரு கிணறு. வாங்கிவிட்டார்கள்.

தவறணை என்பது குடியிருப்பதற்கென்று கட்டிய கட்டடமன்று. சுவர் இடுப்பளவுக்குத்தான் சுண்ணக்கல்லால் எழும்பியிருந்தது. அதற்கு மேலே காற்றுக்காக மரச்சட்டம். அதனை உயர்த்தி யன்னல் வைக்கவேண்டியிருந்தது. கூரையிலிருந்த பனைமரங்கள் வைரம் பாய்ந்தவை; செல்லும் தொடவில்லை; அவை தப்பின. நிலந்தான் தொல்லை கொடுத்தது. நாள்தோறும் கழுவி விடுவதற்காகச் சீமெந்துத் தளத்தை ஒரு பக்கம் சரிவாகப் போட்டிருந்தார்கள். கட்டில் போட்டாற் கால் ஆடும். பாய் விரித்தால் தலை தாழும். பல ஆண்டுகளாகச் சிந்திய கள் வெடிப்புகளில் ஊறி, மாரி தொடங்கியதும் புளித்த வாடை எழுந்தது. மேற்பூச்சைக் கொத்தி எடுத்து, மண்ணையும் ஒரு முழம் தோண்டி அகற்றி, புதுமண் நிரப்பித் தளம் போட்ட பின்னர்தான் அது ஓய்ந்தது. இப்படிப்பட்ட கட்டடத்தை வாங்க எண்ணுவோருக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இதுவே: சுவரைப் பார்த்து விலை பேசாதீர்கள், நிலத்தைக் கொத்திப் பார்த்துப் பேசுங்கள்.

யாழ்ப்பாணத்து வீடு தெருவுக்கு முகங்காட்டாது. வேலி, சங்கடப்படலை, முற்றம், திண்ணை என்று படிப்படியாகவே அது விருந்தினனை உள்ளே விடும். தவறணையோ தெருவை நோக்கி வாய் திறந்து நிற்கும். எனவே வீடாக்கும் வேலையில் முதன்மையானது எல்லைச் சுவர். மூத்த மகன் கல்லும் சீமெந்தும் பறித்துவிட்டான். அத்திவாரத்துக்குக் கயிறு பிடித்த அன்றுதான் பிரச்சினை தோன்றியது.

கிணறு சுவருக்குள்ளே வந்தது. அந்தக் கிணற்றில் அயலிலிருந்த சீவற்றொழிலாளர் குடும்பங்கள் தலைமுறையாகத் தண்ணீர் அள்ளி வந்தன. ஏன் அங்கே வந்தார்கள்? ஊரின் மற்றக் கிணறுகளில் அவர்களை அள்ள விடாத காலம் ஒன்று இருந்தது. அவர்கள் இறக்கிய கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடித்தவர்களே, அவர்கள் கையாற் கிணற்றுக் கயிற்றைத் தொடவும் விடவில்லை. தவறணைக் கிணற்றை மட்டும் எவரும் காவல் காக்கவில்லை. தவறணைக்கு மானமில்லை என்று ஊர் எண்ணியதால், அதன் கிணற்றுக்குத் தீட்டும் இல்லாமற் போயிற்று. 1957ஆம் ஆண்டில் நிறைவேறிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், பொதுவிடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் தனியார் வீட்டு மதிலுக்குள் இருக்கும் கிணற்றுக்கு அச்சட்டத்தின் கை நீளாது. தவறணை வீடானது, கிணறு தனியார் கிணறானது, சாதிப் பேச்சே எழாமல் வாசல் அடைபட இருந்தது.

மகன் நொத்தாரிசைக் கேட்டான். 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்து ஆண்டுகள் தடையின்றி, உரியவனுக்கு மாறாக ஒரு வழியையோ நீரையோ பயன்படுத்தினால் உரிமை கோரலாம். அனுமதியோடு பயன்படுத்தினால் அந்த உரிமை பிறவாது. எத்தனை ஆண்டு அள்ளினாலும் அது தயவே. தவறணை நடத்தியவர்கள் தடுத்ததில்லை. அள்ளியவர்கள் எதிர்த்து அள்ளியதுமில்லை. உறுதியிலோ அவர்களுக்குக் கிணற்றுப் பங்கு என்று ஒரு வரியும் இல்லை. சட்டம் தன் பக்கம் என்று மகன் அறிந்தான். 'இனி இது குடும்பம் வாழும் வீடு. கண்டவரும் வந்து அள்ளலாமா' என்று ஒத்தூதவும் சிலர் இருந்தனர்.

தாய் இணங்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கொட்டாஞ்சேனைப் பைப்படியில் விடியற்காலை வாளியோடு வரிசை நின்றவர் அவர். அந்த வரிசையில் 'நீ எந்த ஊர், எந்தப் பகுதி' என்று கேட்டு முகத்தைச் சுளித்தவர்களையும் அவர் கண்டிருக்கிறார். கேளாமல் தம் முறையை விட்டுக்கொடுத்தவர்களையும் கண்டிருக்கிறார். 'தம்பி, சுவரைக் கட்டு. கிணற்றை வெளியிலே விட்டுக் கட்டு' என்றார். மகன் மறுத்தான். காணியின் விலை விழும் என்றான். தங்கைமுறையானவளுக்குச் சீதனமாக எழுதும்போது மாப்பிள்ளை வீட்டார் கேள்வி கேட்பார்கள் என்றான். இவையெல்லாம் பொய்யான அச்சங்கள் அல்ல. ஒரு மாதம் தாயும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. பறித்த கல் தெருவோரத்திற் கிடந்தது.

நான் தாயின் பக்கம். ஆயினும் மகனைக் கல்நெஞ்சன் என்று சொல்ல என் நா எழவில்லை. பதினெட்டு ஆண்டுகள் ஓர் அறையில், பிறர் கண்ணெதிரே உடைமாற்றி வளர்ந்த பிள்ளை, நாலு பக்கமும் அடைத்த ஒரு வளவை ஆசைப்பட்டது குற்றமா? தவறணையை வீடாக்குவோர் அனைவர்க்கும் இந்த இக்கட்டு ஏதோ ஒரு வடிவில் நேரும். ஓரிடம் பலருக்குப் பொதுவாக இருந்து, பின் ஒருவருக்குத் தனியாகும்போது, அதனோடு ஒட்டியிருந்த சிறு வசதிகள் விலைச்சீட்டிற் காட்டப்படுவதில்லை. வாங்குபவன் அவற்றுக்குப் பணங்கொடுக்கவில்லை. விற்றவனும் அவற்றைச் சொல்லவில்லை. இழப்பவனோ பத்திரத்தில் ஒரு சாட்சியாகக்கூட இல்லை.

தவறணைக்கு வந்துபோன கிழவர்களையும் சொல்லாமல் விடக்கூடாது. மாலையில் இரண்டு மூன்று பேர் பழக்கதோசத்தால் வாசல்வரை வந்து, விளக்கையும் கோலத்தையும் கண்டு திரும்பிப் போனார்களாம். இப்போது பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் தவறணை அயற்கிராமத்தில் இருக்கிறது; சைக்கிள் மிதிக்க இயன்றவர் அங்கே போகின்றனர். மற்றவர் வீட்டில் இருக்கின்றனர். அவர்களுடைய மனைவியர் இதனைப் பெரும் நட்டமாகக் கொள்ளவில்லை என்றே கேள்வி.

இளைய மகன் நடுவிலே நின்று பேசியதால் ஈற்றிற் சுவர் எழும்பியது. கிணற்றடியில் அது உட்பக்கமாக வளைந்து, கிணற்றை வெளியே விட்டு, மறுபடியும் எல்லையிற் சேர்கிறது. அரைப் பரப்புக்குச் சற்றுக் குறைவான நிலம் வெளியே போயிற்று. வீட்டுக்கென்று சுவருக்குள் வேறொரு குழாய்க்கிணறு தோண்டினர். அதன் நீர் சற்றே உவர்ப்பு. குடிநீருக்கு அவ்வீட்டாரும் வெளிக்கிணற்றுக்குத்தான் வருகின்றனர். வெறுஞ்சொல்லாக விடாமல், கிணற்றுப் பங்கும் ஆறடி அகலமான வழிவாய்க்கால் உரிமையும் அயற்குடும்பங்களுக்கு உண்டென்று தாய் நொத்தாரிசைக் கொண்டு உறுதி முடித்துப் பதிவும் செய்துவிட்டார். மூத்த மகன் அதிற் சாட்சியாகக் கையொப்பமிட்டிருக்கிறான்.