“அக்கா, இது பிழை”

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், செங்கலடியைச் சேர்ந்த பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



தொழிலில் தலைமைத்துவம் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பாடசாலையில் நான் வகுப்புத் தலைவியாகக்கூட இருந்ததில்லை. செங்கலடியிலிருந்து பஸ்ஸில் வருபவள். பஸ் பிந்தினால் காலைக் கூட்டத்துக்கும் பிந்துவேன். பிந்தி வருபவளை யார் தலைவியாக்குவார்கள்?

இன்று செங்கலடியில் ஒரு சிறிய விளம்பர, அச்சு வடிவமைப்பு நிலையம் நடத்துகிறேன். பதுளை வீதி வந்து திருகோணமலை வீதியோடு சேரும் சந்தியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதற்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், ரியூஷன் வகுப்புப் பனர், மரண அறிவித்தல், 31ஆம் நாள் நினைவு மலர், கடைகளுக்கான விளம்பரம், இவைதான் எங்கள் வேலை. என்னோடு ஐந்து பேர் வேலை செய்கிறார்கள்.

2010இல் தொடங்கியபோது நான் ஒருத்திதான். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், குடி தாய்வழியில் வரும். ஆனால் கோயிலில் வண்ணக்கராக நிற்பவர் ஆண்தான். எனக்கும் அப்படியே நடந்தது. வீடு அம்மா தந்தது; முன் அறையில் கணினி வாங்கி வைத்தது நான்; பதிவுப் பத்திரத்தில் உள்ள பெயர் என்னுடையது. என்றாலும் வருகிறவர்கள் வாசலில் நின்று “முதலாளி இல்லையா?” என்று கேட்பார்கள்.

முதலாளி நான்தான் என்று காட்டுவதற்காக எல்லாவற்றையும் என் கையில் வைத்துக்கொண்டேன். விலை நான் சொல்வேன், எழுத்து நான் பார்ப்பேன், காசு நான் வாங்குவேன். வேலைக்கு இரண்டு பிள்ளைகள் வந்த பிறகும், ஒரு காற்புள்ளி மாற்றுவதற்கும் என்னைக் கேட்க வேண்டும். அதுதான் தலைமை என்று நினைத்திருந்தேன்.

2014இல் ஒரு பெரியவரின் நினைவு மலர் வேலை வந்தது. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலில் ஒரு மகனின் பெயருக்கு முன்னால் “காலஞ்சென்ற” என்று நானே சேர்த்தேன். 1990இல் போனவர், 24 வருடமாகத் திரும்பி வரவில்லை. ஊரறிந்த விஷயம்தானே என்று எண்ணிவிட்டேன். 31ஆம் நாளுக்கு முதல் நாள் 200 பிரதிகளையும் அந்த வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்தத் தாய் ஒன்றை எடுத்துப் புரட்டினார். சத்தம் போடவில்லை. “என்ட புள்ள செத்ததெண்டு ஆர் உனக்குச் சொன்ன?” என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவே அந்தத் தாளை மாற்றி அச்சடித்து, 200 பிரதிகளையும் பிரித்து மறுபடி கட்டினோம். விடியப் போகும் நேரம், பக்கத்தில் இருந்து தாள் அடுக்கிய பிள்ளை சொன்னாள்: “அக்கா, அது பிழையெண்டு எனக்கு முதலே தெரியும். எங்கட மாமாட பேருக்கு முன்னால அப்பிடி எழுத அம்மம்மா விடமாட்டா.”

“ஏன் சொல்லயில்ல?”

“நீங்க எழுதினதுதானே அக்கா.”

அந்தப் பதில் தாயின் கேள்வியைவிட அதிகமாகச் சுட்டது. எங்கள் நிலையத்தில் சரி எது என்று தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் வாயைத் திறக்க முடியாதபடி வைத்திருந்தவள் நான்.

எங்கள் தொழிலில் பெரிய பெயர் டேவிட் ஒகில்வி. பாரிஸில் ஹோட்டல் சமையற்கூடத்தில் நின்றவர், ஸ்கொட்லாந்தில் வீடு வீடாகப் போய் அடுப்பு விற்றவர், 1948இல் நியூயோர்க்கில் விளம்பர நிறுவனம் தொடங்கினார். கிளைத் தலைவராக நியமிக்கப்படுகிறவருக்கு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ரஷ்ய மரப்பொம்மைகளை அவர் கொடுப்பதுண்டு. ஆகச் சிறிய பொம்மைக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். தன்னைவிடத் திறமை குறைந்தவர்களையே சேர்த்துக்கொண்டு போனால் நிறுவனமும் சிறுத்துக்கொண்டே போகும் என்பது அதன் கருத்து. நான் திறமையான பிள்ளையைத்தான் சேர்த்திருந்தேன். ஆனால் எனக்குள் அடங்கும் பொம்மையாக்கிவிட்டேன்.

தமிழ்நாட்டில் ஆர். கே. சுவாமி, ஐம்பது வயதளவில், 1973இல் சென்னையில் தன் விளம்பர நிறுவனத்தை ஆரம்பித்தார். 2003இல் அவர் காலமானார். நிறுவனம் தொடர்ந்து நடந்து, 2024இல் பங்குச் சந்தைக்கும் வந்தது. என் கடையோ, எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றால் இரண்டு நாள் பூட்டிக் கிடந்தது.

ஆகவே ஒரு விதி வைத்தோம். எழுதியவர் அல்லாத இன்னொருவர் வாசித்துக் கையெழுத்திடாமல் எதுவும் அச்சுக்குப் போகாது. நான் எழுதியதும் அப்படித்தான். முதல் மாதங்களில் எனக்குக் கோபம் வரும். அடக்கிக்கொண்டு பழகினேன்.

இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டினது. ஒரேயொருவர் வேலை செய்தாலும் முதலாளி 12 வீதம் போட்டு, ஊழியரின் 8 வீதத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். ஆரம்பத்தில் நான் கட்டவில்லை. “சின்னக் கடைதானே, நம்மட பிள்ளைகள்தானே” என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த அன்பு எனக்குக் காசு மிச்சம்பிடித்துத் தந்த அன்பு. அந்த வருடமே நிலுவையோடு கட்டினேன். உரிமை இல்லாத இடத்தில் ஒருவர் துணிந்து பேசமாட்டார்.

2022இல் இதற்கெல்லாம் சோதனை வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. காகிதத் தட்டுப்பாட்டால் சில பத்திரிகைகளே அச்சை நிறுத்தின. நான் கணக்குப் புத்தகத்தை மேசையில் விரித்து ஐந்து பேருக்கும் காட்டினேன். கையிலிருந்த பணம் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் போதாது. முன்பென்றால் ஒளித்திருப்பேன். கரண்ட் வரும் நேரத்துக்கு முறை போட்டு, இரவிலும் வேலை செய்வோம் என்றார்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பிதழ் செய்து கொடுப்போம் என்றாள் ஆக இளையவள். அதற்கு யார் காசு தருவார்கள் என்று நான் வாதாடினேன். தந்தார்கள். ஐந்து மாதம் நான் சம்பளம் எடுக்கவில்லை, ஒருவரையும் நிறுத்தவுமில்லை.

வெளிநாட்டிலுள்ள சகோதரிகளே, ஊரில் ஒரு பெண்பிள்ளை தொழில் தொடங்கக் கணினியோ தையல் இயந்திரமோ வாங்கிக் கொடுக்கிறீர்கள். நல்ல காரியம். அதோடு, கணக்குப் பார்க்கவும் சட்டம் சொல்லவும், பிழையைப் பிழை என்று சொல்லவும் ஓர் ஆளாக நீங்களும் கூட இருங்கள். எனக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் நாலு வருடம் மிச்சமாகியிருக்கும்.

இந்த உரையைத் தட்டச்சு செய்ததும் அன்று தாள் அடுக்கிய அதே பிள்ளைதான். நினைவு மலர்ப் பகுதி வந்ததும் நிறுத்தினாள். “அக்கா, இது பிழை. அந்த அம்மாட்டக் கேட்டீங்களா?” என்றாள். கேட்கவில்லை. மறுநாள் போய்க் கேட்டேன். “சொல்லு. பேர் மட்டும் போடாத. அவன் இன்னும் வரல்ல எண்டும் சொல்லு” என்றார்.

சொல்லிவிட்டேன்.