நம்ம மலையை நாமே நடந்து பார்ப்போம்
(ஊவா தோட்டத்து இளைஞர், பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வேலை முடிந்து களைத்து வந்திருக்கிற உங்களிடம் மலையில் நடப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "தினமும் ஏறி இறங்குறது போதாதா?" என்று ஓர் அம்மா இப்போதே சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

நம்முடைய குறுக்குப் பாதைகளில் இப்போது வெளிநாட்டார் பையை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 'பீக்கோ ட்ரெயில்' என்று ஒரு நடைபாதையை ஒழுங்கு செய்திருக்கிறார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை என்று நம்ம பக்கமும் சுற்றி, நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கும் மேல். ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு பீக்கோ என்றால் என்னவென்று நாம் சொல்லத் தேவையில்லை. அந்தப் பாதையில் பெரும்பகுதி புதிதாக வெட்டியதல்ல. அந்தக் காலத்தில் தேயிலையைக் கொண்டுபோக நம் பாட்டன் பூட்டன் வெட்டி, நடந்து தேய்த்த பாதைதான். அதில் நடக்க ஆள் கடல் தாண்டி வருகிறது. நம்ம பிள்ளைக்கோ அடுத்த டிவிஷனுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது.

ஊவாவைப் போல இத்தனை விதமான நிலம் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பது அபூர்வம். ஆடி மாதத்தில் மேற்குப் பக்கத்தில் மழை கொட்டும்போது, மலையைத் தாண்டி நம்ம பக்கம் வருவது காய்ந்த காற்று. ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் தருவதும் அந்தக் காற்றுத்தான். மானாப்புல் பத்தனைகள் இந்தப் பக்கம் பரந்து கிடப்பதற்கும் அந்த வறட்சி ஒரு காரணம். ஹப்புத்தளை மலை விளிம்பில் நின்றால் ஒரு பக்கம் தேயிலை. மறு பக்கம் நிலம் அப்படியே கீழே இறங்கித் தென்பகுதிச் சமவெளியாக விரிகிறது. டம்பேத்தன்னையில் லிப்டன் துரை 1890இல் கட்டிய ஸ்டோரிலிருந்து மேலே ஏறினால் லிப்டன் சீட். வெள்ளனப் போக வேண்டும். பத்து மணிக்குப் பிறகு போனால் பல நாள் மூடுபனியைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். நாட்டிலேயே உயரமான நீர்வீழ்ச்சி, 263 மீற்றர் பம்பரகந்த, நம்ம மாவட்டத்தில். கொஸ்லந்தைப் பக்கம் தியலும 220 மீற்றர். பதுளைக்குக் கிட்ட துன்ஹிந்த. பசறைப் பக்கத்தார் அண்ணாந்து பார்க்கும் நமுனுகுல 2,036 மீற்றர்.

படம் எடுப்பதற்குப் பெரிய கெமரா வேண்டாம். கையில் இருக்கிற போன் போதும். பனியில் கண்ணாடி மங்கும், துணியால் துடையுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் மலையின் மேடு பள்ளம் தெரியும். பாலத்தையோ நீர்வீழ்ச்சியையோ எடுக்கும்போது ஒரு ஆளையும் சேர்த்து எடுங்கள், அப்போதுதான் உயரம் விளங்கும். ஆனால் கொழுந்து எடுக்கிற அக்காமாரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. வெளியிலிருந்து வருகிறவர் எடுத்தால் கோபம் வருகிறது அல்லவா, நாமும் அதைச் செய்யலாமா? 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்திலே தண்டவாளத்தில் நின்று படமெடுப்பது, ரயில் வாசலில் தொங்குவது எல்லாம் வேண்டாம். அப்படிப் போய் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

அழகுக்காக மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது நமக்கெல்லாம் தெரியும். அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. நமக்கு ஒரு யோசனை உண்டு. பிள்ளைகள் தங்கள் லயத்துக்கு மேலேயுள்ள சரிவை மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கம் பார்த்துப் படமெடுத்து வைக்கட்டும். போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரமோ போஸ்டோ சாய்ந்திருக்கிறதா? நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பா? பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கி வருகிறதா, நின்றுவிட்டதா? அப்படி ஏதும் கண்டால் படத்தோடு கிராம உத்தியோகத்தரிடமும் தோட்ட ஒபிசிலும் காட்டுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் படத்தைப் பற்றி யோசிக்காமல் முதலில் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. படம் மட்டும் மண்சரிவைத் தடுக்காது. ஆனால் "அது எப்பவும் அப்படித்தான் இருந்தது" என்று யாரும் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது, திகதி போட்ட படம் கையில் இருக்கும்.

புயலுக்குப் பிறகு சில பாதைகள் முன்போல இல்லை. நடக்கப் போகுமுன் அந்தத் தோட்டத்தாரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். தனியாகப் போக வேண்டாம். அட்டைக்குச் சவர்க்காரமோ உப்போ கொண்டுபோங்கள். காய்ந்த காலத்தில் பத்தனையில் நெருப்புக்குச்சி போடாதீர்கள், ஒரு குச்சி போதும், மலையே எரியும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. எடுத்த படத்தை வீட்டில் தாத்தா, அப்பாயியிடம் காட்டிக் கேளுங்கள். எந்த நம்பர் மலை, அந்தப் பாறைக்கு என்ன பெயர், பழைய லயம் எங்கே இருந்தது என்று அவர்கள் சொல்வார்கள். அதைக் கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். படத்தையும் எழுதியதையும் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுத்தால் நம்ம பத்திரிகையில் போடலாம்.